சிஸ்டரின் குடைக்குப் பின்னால்

‘டொய்ங்ங்.’

இருட்டின பிறகு இந்தச் சத்தம் கேட்டால் கைவேலையை அப்படியே போட்டுட்டுக் கதவைத்தான் பார்ப்பேன் அக்கா. முதல் தடவை கேட்டப்போ, பிள்ளைதான் போனில் பொம்மைப்படம் பார்த்துட்டு இருக்குன்னு நினைச்சு, “ஜோவிட்டா, போனை வை”ன்னு கத்தினேன். பார்த்தால் போன் அணைஞ்சு கிடக்கு, பிள்ளை வாயைத் திறந்துட்டுத் தூங்குது. மறுபடியும் ‘டொய்ங்ங்’. அப்புறம் செருப்புச் சத்தம். அப்புறம்தான் விளங்குச்சு, அது நம்ம இரும்பு கேட்டு. தானா மூடிக்கட்டும்னு வீட்டுக்கார அண்ணாச்சி அதில் ஒரு ஸ்பிரிங் மாட்டிவெச்சிருக்கார். இப்போ நீங்க வரும்போதும் போட்டுச்சே, அதே சத்தம்தான். பகலில் கேட்டால் ஒண்ணும் தெரியாது. சிரிப்புகூட வரும்.

வாங்க, உள்ளே வாங்க. பின் போர்ஷன் பார்க்க வந்தீங்களா? சாவி அண்ணாச்சிகிட்ட இருக்கு, பக்கத்து மாடி வீடுதான் அவர் குடியிருக்கிறது. அவர் கோயில் கமிட்டிக்குப் போயிருக்கார். வர்றதுக்கு விளக்கு வெச்சிரும். நீங்க அந்த நாற்காலியில் உட்காருங்க. நான் நின்னுக்கிட்டே பேசறேன், தப்பா எடுத்துக்காதீங்க. இந்தத் தாழ்ப்பாள் போய் விழற ஓட்டை இருக்கு பாருங்க, கதவு நிலையில், அது பூரா சுவருக்குப் பூசற பட்டியும் பெயிண்டுமா அடைச்சுக்கிடக்கு. தோசைக்கரண்டிக் காம்பால் சுரண்டிட்டு இருக்கேன். அண்ணாச்சி வர்றதுக்குள்ள முடிச்சாகணும். அது ஏன்னு சொல்றேன்.

அண்ணாச்சி நல்லவர் அக்கா. அதை முதலிலேயே சொல்லிடறேன். பிற்பாடு இந்த இன்பென்டா வீடு பார்க்க வந்தவங்ககிட்டக் குறை சொன்னாள்னு ஆகிரக்கூடாது. மெல்க்கியோர் அண்ணாச்சின்னா இந்தத் தெருவே எழுந்து நிற்கும். பூசையில் பைபிள் வாசகம் வாசிக்கிறது அவர்தான். மைக் கெட்டுப்போனாலும் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும், அப்படிக் குரல். அவர் வீட்டம்மா மகள் பேறுகாலத்துக்குச் சென்னைக்குப் போனது, இன்னும் வரலை. எங்க வீட்டுக்காரர் ஜெரால்டு கப்பலில் இருக்கார், பொங்கல் கழிச்சுத்தான் இறங்குவார். “ஆம்பளை இல்லாத வீடு, நான் பார்த்துக்கறேன்”னு அண்ணாச்சி தானாகவே சொன்னார். பார்த்துக்கவும் செய்யறார். மோட்டார் ஓடுதான்னு பார்ப்பார். மீட்டரைப் பார்ப்பார். குழாய் சொட்டுதான்னு பார்ப்பார். எல்லாத்தையும் இருட்டின பிறகுதான் பார்ப்பார். பகலில் கண் சரியாத் தெரியாது போல.

உங்களுக்கு முந்தி பின் போர்ஷனில் ஒரு நர்ஸ் இருந்துச்சு. நல்ல பிள்ளை. கட்டிலைக்கூட எடுக்காமல் காலி பண்ணிட்டுப் போயிருச்சு. நல்ல வேலை கிடைச்சிருக்கும்.

தாழ்ப்பாளுக்கு வர்றேன். கிறிஸ்மஸுக்கு வெள்ளையடிச்சப்போ இந்த ஓட்டையைப் பட்டி வெச்சு அடைக்கச் சொன்னது அவர்தான். “தங்கச்சி, பிள்ளை உள்ளே போட்டுக்கிட்டு மாட்டிக்கிட்டா என்ன செய்வே?”ன்னார். எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. ஏன்னா நான் தாழ்ப்பாள் போட்டே பழகாதவள் அக்கா. ஒண்ணாம் வகுப்பிலேருந்து பன்னிரண்டு வரைக்கும் கான்வென்ட் ஹாஸ்டல். அங்கே ஒரு கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. குளிக்கிற அறைக்குக்கூட இல்லை. எல்லாத்தையும் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு மதர் அறை அலமாரியில் வெச்சிருந்தாங்க. “மறைக்க ஒண்ணும் இல்லாதவளுக்குத் தாழ்ப்பாள் எதுக்கு?”ன்னு சிஸ்டர் பெர்னதெத் கேட்பாங்க. உள்ளே ஆள் இருக்குன்னு வெளியே தெரியணும்ல, அதுக்காகக் குளிக்கும்போது சத்தமா ஜெபமாலை சொல்லணும். இன்னைக்கும் எனக்கு சோப்பு கையில் எடுத்தால் ஜெபமாலை தானா வந்துரும். அண்ணாச்சிகூட ஒருநாள் சொன்னார்: “நீ குளிக்கிறப்போ சொல்ற ஜெபம் எங்க மாடி வரைக்கும் கேட்குது தங்கச்சி. மனசுக்கு ஆறுதலா இருக்கு.”

அதுக்கு அப்புறம் மனசுக்குள்ளேயே சொல்றேன்.

சிரிக்கறீங்களா? சிரிங்க. சிஸ்டரைப் பற்றி இன்னும் கேட்டால் இன்னும் சிரிப்பீங்க.

சனிக்கிழமை சாயங்காலம் எங்களுக்கு பொம்மைப்படம் போடுவாங்க. இத்தாலியிலேருந்து வந்த சாமியார் ஒருத்தர் ஊருக்குத் திரும்பும்போது ஒரு பெட்டி நிறைய வீடியோ கேசட்டு விட்டுட்டுப் போயிருந்தார். எல்லாம் பழங்காலத்துப் படம், எங்க அம்மாவே பிறக்காத காலத்தில் எடுத்தது. பேசற பாஷை எங்களுக்கும் விளங்காது, சிஸ்டருக்கும் விளங்காது. அதனால்தான் சிஸ்டருக்குச் சந்தேகம். விளங்காத பாஷையில் நல்லதையா பேசப்போறாங்கன்னு.

சிஸ்டர் ஒரு கறுப்புக் குடையை மடியில் வெச்சுக்கிட்டு டி.வி.க்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்காருவாங்க. ஆகாத காட்சி வருதுன்னு பட்டால் போதும், டப்புன்னு குடையை விரிச்சு டி.வி.க்கு முன்னாடி பிடிச்சிருவாங்க. காட்சி முடிஞ்சதும் மடக்குவாங்க. அவ்வளவுதான் எங்க சென்சார் போர்டு. முத்தம் கொடுத்தால் குடை. பொம்மை பெண்ணா இருந்து, பாவாடை காற்றில் பறந்தால் குடை. சாராயப் பாட்டிலுக்குப் பாதிக் குடை. ஒரு பூனைக்கு வால் அறுந்துபோகும், அதுக்குக்கூட குடை, ஏன்னா அதுக்குப் பின்னாடி என்ன தெரியும்னு சிஸ்டருக்கே தெரியலை. “ஏட்டி, இன்னைக்கு எத்தனை குடை?”ன்னுதான் சாப்பாட்டு வரிசையில் பேசிக்குவோம்.

குடை போதாதுன்னு பூஞ்சணம் வேற. மழைக்காலத்தில் கேசட்டுக்குள்ள வெள்ளையா பூத்துரும். திரையில் கோடு கோடா ஓடும், பாதிக் கதை போயிரும். சில சமயம் பிளேயர் டேப்பை மென்னு துப்பும். சிஸ்டர் கத்தரிக்கோலால் நறுக்கி செல்லோடேப் போட்டு ஒட்டுவாங்க. அப்புறம் பார்த்தால் கிணற்றில் விழுந்த கரடி அடுத்த நொடியே கல்யாண கோட்டு போட்டுக்கிட்டு கேக்கு வெட்டும். ரொம்ப நாள் வரைக்கும் கல்யாணம்னா அப்படித்தான் நடக்கும்னு நினைச்சேன். ஜெரால்டுகிட்டச் சொன்னேன், “கிட்டத்தட்ட அப்படித்தானே நடந்துச்சு”ன்னார்.

ஆனால் ஒண்ணு அக்கா. குடை படத்தைத்தான் மறைச்சுச்சு, சத்தத்தை மறைக்கலை. காதால் கேட்கிறதில் பாவம் இல்லைன்னு சிஸ்டர் நினைச்சிருப்பாங்க. அதனால் நாங்க வளர்ந்ததே சத்தத்தில்தான். என்னைக் கண்ணைக் கட்டி விடுங்க, எந்தப் பொம்மை எதில் மோதுச்சுன்னு சொல்லிருவேன்.

அந்த ஸ்க்ரூ டிரைவரைக் கொஞ்சம் எடுத்துத் தாங்க. கரண்டிக் காம்பு வளையுது.

அதில் ஒரு படம். ஒரு வாத்து தனியா ஒரு வீட்டில் இருக்கும், தலையில் ரிப்பன் கட்டிக்கிட்டு. எங்க சமையல்காரம்மா ரோசம்மா நடக்கிற மாதிரியே நடக்கும், அதனால் அதுக்கு ரோசம்மான்னே பேர் வெச்சோம். ஒரு நரி, கோட்டு போட்டது. தினமும் ஒரு சாக்கு வெச்சுக்கிட்டு வந்து கதவைத் தட்டும். தபால்காரன் மாதிரி வரும். டாக்டர் மாதிரி வரும். புகைபோக்கி சுத்தம் பண்றவன் மாதிரி வரும். ரோசம்மா கதவைத் திறப்பாள். நரி தொப்பியைக் கழற்றும். ரோசம்மா ராத்திரி உடுப்பில் நிற்கிறது தெரிஞ்சதும் டப்புன்னு குடை.

இனிமேல் சத்தம் மட்டும். முதலில் நரி மெதுவா விசில் அடிக்கும். அப்புறம் ‘ணங்’. அப்புறம் நரி ஐயோன்னு அதோட பாஷையில் கத்தும். ‘டொய்ங்ங்’. கடைசியா ‘சடக்’. குடை மடங்கும். பார்த்தால் நரி எதிர்வீட்டுக் கூரை மேல் கிடக்கும், வாலில் புகை. கதவு சாத்தியிருக்கும். உள்ளே ரோசம்மா பாட்டு முணுமுணுப்பாள்.

என்ன நடந்துச்சு? இதுதான் எங்க ஹாஸ்டலோட பெரிய கேள்வி. டெல்பின்னு ஒருத்தி இருந்தாள், பக்கத்துக் கட்டில். அவள் விளக்கணைச்ச பிறகு வாரத்துக்கு ஒரு கதை கட்டுவாள். ரோசம்மா முட்டை போட்டாள், நரி அதில் வழுக்கிச்சு. இல்லை, உள்ளே ரோசம்மாவுக்கு ஒரு மாப்பிள்ளை யானை இருக்கு. அந்தச் ‘சடக்’தான் யாருக்கும் விளங்கலை. நரியோட கழுத்து முறியற சத்தம்னு டெல்பின் சொன்னாள். சம்மனசு, அதான் தேவதூதர், வாளை உறையில் போடற சத்தம்னு இன்னொருத்தி சொன்னாள். சிஸ்டரோட முழங்கால் சத்தமா இருக்கும்னு நான் சொன்னேன்.

கடைசியில் நானே தைரியமாப் போய் சிஸ்டர்கிட்டக் கேட்டேன். “சிஸ்டர், குடைக்குப் பின்னாடி ரோசம்மா என்ன செஞ்சாள்?”

சிஸ்டர் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னாங்க: “ஜெபம் பண்ணினாள். ஜெபம் பண்ணின உடனே நரி ஓடிப்போச்சு.”

நான் நம்பிட்டேன் அக்கா. நேற்று மத்தியானம் வரைக்கும் நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன்.

போன வாரம் மழை பெய்ஞ்ச அன்னைக்கு, ‘டொய்ங்ங்’. கதவு சும்மா சாத்தித்தான் இருந்துச்சு. தட்டலை. ஃபியூஸ் பார்க்கணும்னு அண்ணாச்சி நேரா அடுப்படிக்கு வந்துட்டார். கரண்டு போகவே இல்லை. நான் மாவு கரைச்சுட்டு இருக்கேன். எனக்குப் பின்னாடி ரொம்பக் கிட்டத்தில் நிற்கிறார். அவர் போட்டிருந்த பவுடர் வாசனை எனக்கு வருது. தோளில் கை வெச்சார். “பயப்படாதே தங்கச்சி”ன்னார். பயப்படாதேன்னு அவர் சொல்ற வரைக்கும் எனக்கு அவ்வளவு பயம் இல்லை.

ரோசம்மா செஞ்சதை நானும் செஞ்சேன். கண்ணை மூடிக்கிட்டு சத்தமா, “அருள் நிறைந்த மரியே வாழ்க”ன்னு ஆரம்பிச்சேன்.

மீதி ஜெபத்தை அவர் முடிச்சார் அக்கா. தோளிலேருந்து கையை எடுக்காமலே. கணீர்னு, வார்த்தை தப்பாமல். கமிட்டி ஆளாச்சே. ஆமென்னும் அவரே சொன்னார்.

அப்போ பார்த்து ஜோவிட்டா முழிச்சு அழுதுச்சு, போயிட்டார். நான் அன்னைக்கு ராத்திரி பூரா இந்த நாற்காலியில் உட்கார்ந்து யோசிச்சேன். ரோசம்மா சொன்ன ஜெபத்துக்கு நரி ஓடுச்சு. நான் சொன்னால் நரி கூடச் சேர்ந்து சொல்லுது. தப்பு எங்கே? என் விசுவாசத்திலேயா? உச்சரிப்பிலேயா?

ஜெரால்டுக்குப் போன் பண்ணினேன். கப்பலில் சிக்னல் விட்டு விட்டு வருது. “அண்ணாச்சி வந்தார், தோளில்…”ன்னு சொல்லிட்டு இருக்கேன், “பெரிய மனுஷன்டீ, ஆள் இல்லாத வீட்டைப் பார்த்துக்கறார், உனக்குப் பல்லி கத்தினாலே பயம்”ன்னு சொல்லிட்டார். லைனும் போச்சு. எங்க அம்மாகிட்டச் சொன்னால் பிள்ளையைத் தூக்கிட்டு வந்துருன்னுதான் சொல்லும். போனால் எங்க ஊர் மணப்பாட்டில் தெருவே கேட்கும், ஏன் வந்தே, என்ன செஞ்சேன்னு. நான் ஒண்ணும் செய்யலையே அக்கா. அதுதானே பிரச்சினை, நான் ஒண்ணும் செய்யலை.

அதுக்கு அப்புறம்தான் அந்தப் படத்தைத் தேட ஆரம்பிச்சேன். பிள்ளை தூங்கின பிறகு போனில், கோட்டு போட்ட நரி, ரிப்பன் கட்டின வாத்துன்னு எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷில் தட்டித் தட்டி. கிடைச்சுருச்சு. ஆனால் பார்த்தால் நரி தொப்பியைக் கழற்றுது, அடுத்த நொடி கூரை மேல் கிடக்கு! நடுவில் வெட்டியிருக்காங்க. இன்னொரு பிரதி பார்த்தேன், அதிலும் வெட்டு. எங்க சிஸ்டர் மாதிரி உலகம் பூரா யாரோ கத்தரிக்கோலோட உட்கார்ந்திருந்திருக்காங்க அக்கா. கீழே ஒரு பிரேசில்காரர் எழுதியிருக்கார், அந்தக் காட்சியை டி.வி.க்காரங்க வெட்டிட்டாங்க, மூலப் பிரதியும் எரிஞ்சுபோச்சுன்னு. இன்னொருத்தர், அப்படி ஒரு காட்சியே கிடையாது, உன் தாத்தா போதையில் கண்டதுன்னு. ரெண்டு பேரும் ஒருத்தர் ஆத்தாவை ஒருத்தர் இழுத்துத் திட்டிக்கிறாங்க. எனக்கு ரெண்டு பேரையும் கட்டிப்பிடிச்சு அழணும்போல இருந்துச்சு. இதுக்காகத் தூக்கம் முழிக்கிற ஜீவன் இன்னும் இருக்கேன்னு.

நேற்று மத்தியானம் கிடைச்சது முழுசு. யாரோ ஒருத்தர் வீட்டுச் சுவரில் பழைய ரீலை ஓட்டி, அதைப் போனில் பிடிச்சுப் போட்டிருக்கார். படம் கோணலா இருக்கு, நடுவில் ஒரு மொட்டைத் தலை தெரியுது. பரவாயில்லை. நரி தொப்பியைக் கழற்றுது. ரோசம்மா ராத்திரி உடுப்பில் நிற்கிறாள். அக்கா, சத்தியமாச் சொல்றேன், அந்த உடுப்பு கணுக்கால் வரைக்கும் இருக்கு, சிஸ்டரோட அங்கியைவிடத் துணி ஜாஸ்தி. நரி விசிலடிச்சுக்கிட்டு உள்ளே கால் வைக்குது. ரோசம்மா ஜெபம் பண்ணலை. கண்ணை மூடவே இல்லை. அடுப்பிலேருந்து இரும்புச் சட்டியை எடுத்தாள். ‘ணங்.’ அப்புறம் பாவாடையை ஒரு கையால் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் காலைத் தூக்கினாள். எங்கே உதைச்சாள்னு கேட்காதீங்க. ‘டொய்ங்ங்’னு நரி பறந்துச்சு. அவள் கையைத் தட்டித் துடைச்சுக்கிட்டு, கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை இழுத்தாள்.

‘சடக்.’

தாழ்ப்பாள் அக்கா. அவ்வளவுதான். இத்தனை வருஷமா அது தாழ்ப்பாள்.

பக்கத்தில் ஜோவிட்டா உட்கார்ந்திருந்துச்சு. ரோசம்மா காலைத் தூக்கினதுமே என் கை தானாப் போய் அது கண்ணை மூடிருச்சு. “அம்மா, கையை எடு”ன்னு அழுதுச்சு. சின்னப் பிள்ளை, இதையெல்லாம் பார்க்கலாமா? சிஸ்டர் செஞ்சது வேற, இது வேற. நான் அம்மா இல்லையா?

நேற்று விளக்கு வெச்ச நேரம். நான் தோசை ஊற்றிக்கிட்டு இருக்கேன். ‘டொய்ங்ங்.’ செருப்புச் சத்தம். ஓட்டையில் பட்டி, தாழ்ப்பாள் விழாது. கதவைத் தள்ளிக்கிட்டு வந்துட்டார். “தங்கச்சி, கேஸ் வாடை வருதா பார்க்கணும்”னார். அடுப்படிக்குள்ள வந்து பின்னாடி நின்னார்.

இந்த இடத்தில் நான் குடையை விரிக்கிறேன் அக்கா. நீங்க பெரியவங்க, உங்க முகத்தைப் பார்த்து என்னால் சொல்ல முடியாது. சத்தத்தை மட்டும் கேட்டுக்கோங்க.

முதலில் ‘சுர்ர்’. அது தோசைக்கல்லை அடுப்பிலேருந்து எடுக்கிற சத்தம். அப்புறம் ‘ணங்’. அப்புறம் “ஏசுவே!”. அது நான் இல்லை. அப்புறம் ஒரு சத்தம், அதுக்கு எழுத்து இல்லை, மெத்துன்னு. அப்புறம் வாசல் படிக்கட்டில் தடதடதட. கடைசியா, ‘டொய்ங்ங்’.

குடையை மடக்கிட்டேன்.

ஜோவிட்டா கட்டிலில் எழுந்து நின்னுக்கிட்டுக் கை தட்டுது. “இன்னொரு தடவை போடும்மா”ங்குது.

ரோசம்மாவுக்கும் எனக்கும் ஒரே வித்தியாசம், என்கிட்ட ‘சடக்’ இல்லை. கதவைச் சாத்தி, கட்டிலையும் அரிசி டப்பாவையும் முட்டுக் கொடுத்துட்டு உட்கார்ந்திருந்தேன். அவர் கேட்டுக்கு வெளியே நின்னு, வாசகம் வாசிக்கிற அதே குரலில் சொன்னார்: “நாளைக்குக் கமிட்டி முடிச்சிட்டு வந்து பேசிக்கறேன். உன் புருஷன்கிட்டயும் பேசறேன், வீட்டில் வெச்சிருக்கிறது எப்படிப்பட்டவள்னு.” தெருவே கேட்டிருக்கும். ஒரு கதவுகூடத் திறக்கலை.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை ஒண்ணு. காலைத் தூக்கிட்டேனே, அதைச் சாமியார்கிட்டப் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லணுமா? சொன்னால் எங்கே உதைச்சேன்னும் சொல்லணுமா? நீங்க சிரிக்கறீங்க. எனக்கு நிஜமாவே தெரியலை அக்கா.

இதையெல்லாம் சொல்லி உங்களை வீடு எடுக்க விடாமல் பண்றேன்னு நினைக்காதீங்க. நல்ல வீடு. தண்ணி உப்பு இல்லை. காற்று வரும். உங்களுக்கும் பொம்பளைப் பிள்ளைதான்னு சொன்னீங்கள்ல? அப்போ ரெண்டும் சேர்ந்து விளையாடும். நீங்க வந்தால் எனக்கும் ஒரு துணை. வரும்போது ஒரு நல்ல தாழ்ப்பாள் வாங்கிட்டு வாங்க, அவ்வளவுதான். தோசைக்கல் என்கிட்ட இருக்கு.

இதோ, பட்டி பூராவும் வந்துருச்சு. பாருங்க, விரல் உள்ளே போகுது. ஆனால் கதவு மழைக்கு ஊதிக்கிடக்கு, தாழ்ப்பாளும் ஓட்டையும் நேராக மாட்டேங்குது.

‘டொய்ங்ங்.’

கேட்டீங்களா?

செருப்புச் சத்தம். ஒரு கால் சரியா விழுது, ஒரு கால் இழுத்துக்கிட்டு வருது. அவர்தான். எழுந்திருக்காதீங்க. இல்லை, எழுந்திருங்க, எழுந்து இங்கே வாங்க. கதவில் தோளைக் கொடுங்க அக்கா, நல்லா அழுத்துங்க. “தங்கச்சி, கதவைத் திற, யார் உள்ளே?”ன்னு கேட்கிறார் பாருங்க. பதில் சொல்லாதீங்க. ஜோவிட்டா, ஏம்மா கண்ணைப் பொத்திக்கிட்டு நிற்கறே? யார் பொத்தச் சொன்னா? கையை எடு. எடுத்துட்டு அம்மா செய்யறதைப் பாரு, நல்லா முழிச்சுப் பாரு.

இன்னும் கொஞ்சம் அழுத்துங்க அக்கா. இன்னும் கொஞ்சம்.

‘சடக்.’